அப்பாவைப் பற்றி ஒரு பிரசன்டேஷன்

நியூசிலாந்தில், எல்லர்ஸ்லி அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரி மதுரையிலிருந்து வந்த பிள்ளை. நான் யாழ்ப்பாணம். இருவருக்கும் ஒரே வேலை: வீட்டுக் காப்புறுதி எடுத்தவர்கள் கூரை ஒழுகுது, கராஜுக்குள் வெள்ளம் என்று எங்களுக்குப் போன் எடுப்பார்கள், கேட்டுப் பதிய வேண்டும். நான் ஆமாம் என்பதற்கு "ஓம்" என்றால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். "மந்திரம் சொல்றீங்களாக்கா?" என்பாள். தண்ணீர் குடிக்க எழும்பினாலும் "வரேன்க்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள்.

"டொய்லெட்டுக்குப் போறதுக்கும் சொல்லிப்போட்டே போகவேணும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சொல்லாமப் போனா எங்கப்பாவுக்குக் கோவம் வரும்க்கா" என்றாள்.

போன் எடுப்பவர்களில் சிலருக்கு எங்கள் ஆங்கிலம் காதில் பட்டதுமே முகம் சுளிப்பது இங்கே கேட்கும். "நியூசிலாந்துக்காரர் யாரும் இல்லையா?" என்பார்கள். நான் பழம் தின்று கொட்டை போட்டவள். "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லிப் பாட்டைப் போட்டுவிட்டு, மூக்கால் கதைக்கிற இந்த ஊர்க் குரலில் நானே திரும்பி வருவேன். இப்போதுதான் நிம்மதி என்று நன்றி சொன்னவர்கள் உண்டு. அவளுக்கு அந்த நடிப்பு வராது. மரியாதையாக வேறு ஆளிடம் போனை மாற்றிவிட்டு, நேராக இருக்கிற கீபோர்டை இன்னும் நேராக்குவாள்.

போன வருடம் கோடையில் அவளுடைய அப்பா மதுரையில் மாரடைப்பில் போய்விட்டார். அப்போது அவளுடைய வேலை விசா முடிந்து, புது விசாவுக்குக் காத்திருந்த நேரம். நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர முடியாது. மேலாளர் அவளைக் கட்டிப்பிடித்து லீவு கொடுத்தார். நல்ல மனுசி, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ரானுயியில் அவள் வாடகைக்கு இருந்த அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை என்று, தகனத்தன்று வேலைக்கே வந்துவிட்டாள்.

மாலை வெயில் இறங்காத கார் பார்க்கில், என் காருக்குள் இருந்து போனில் பார்த்தோம். வீட்டில் தொடங்கி வண்டி, பிறகு மயானம். யாரோ ஒரு சித்தப்பா மகன் போனைப் பிடித்துக்கொண்டே நடந்தான்.

"பொம்பளைங்க நாங்க சுடுகாட்டுக்குப் போகமாட்டோம்க்கா. இப்பப் போன்ல நானும் போயிட்டேன் பாருங்க" என்றாள். அழவில்லை. எல்லாம் முடிந்த பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "போன்ல பாத்தாலும் தலைக்குக் குளிக்கணுமாக்கா?"

என்ர கடவுளே, அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல! "குளி பிள்ளை. முதல்ல வாய்விட்டு அழு, பிறகு குளி" என்றேன். அவள் தலையாட்டினாள். ரானுயிவரை கொண்டுபோய் விட்டேன். வழி முழுக்க நான்தான் அழுதேன்.

அதற்குப் பிறகு அவளுடைய சாப்பாட்டுப் பெட்டி திறக்கப்படாமலே வீட்டுக்குப் போனது. யாராவது போனில் எரிந்து விழுந்தால், வெறும் திரையைப் பார்த்தபடி இருப்பாள். இந்தப் பிள்ளை உடைந்துவிடப் போகிறாளே என்று எனக்கு ஒரே பயம். மேலாளரும் கவனித்து, கம்பனி இலவசமாகக் கொடுக்கிற கவுன்சிலிங்குக்கு அனுப்பினார்.

"எப்பிடிப் போச்சு?" என்று கேட்டேன்.

"நல்லவங்கதான்க்கா. மதுரை எங்க இருக்கு, ஏன் வீட்ல பதினாறு நாள், கொள்ளி போட ஏன் பையன் வேணும்னு கேட்டாங்க. எல்லாம் விளக்கிச் சொன்னேன். டைம் முடிஞ்சிருச்சு."

"உன்ர கதை?"

"அதுக்குத்தான் டைம் இல்லயே."

இதோடு விட்டிருந்தால் தப்பியிருப்பாள். பல பண்பாட்டு ஊழியர்களின் மனநலம் என்று மேலிடத்திலிருந்து ஏதோ உத்தரவு வந்திருக்க வேண்டும். மேலாளர் முகமெல்லாம் மலர்ந்து அவளிடம் வந்து, உங்கள் பண்பாட்டில் துக்கத்தை எப்படி அனுசரிப்பீர்கள் என்று எங்கள் எல்லாருக்கும் ஒரு பிரசன்டேஷன் செய்கிறாயா, உனக்கும் மனம் ஆறும் என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தகப்பன் செத்த பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா இது? மேலாளரின் அறைக்குப் போய் முகத்துக்கு நேரே சொன்னேன். அவளே சம்மதித்துவிட்டாள் என்றார்.

"ஏனடி விசரி ஓமெண்டனீ?" என்று திரும்பி வந்து அவளைக் கேட்டேன்.

"விசாவுக்குக் கம்பெனி பேப்பர் வேணும்க்கா. இப்பப் போய் முடியாதுன்னு எப்படிச் சொல்றது?"

மீட்டிங் அறையில் சமோசா வைத்திருந்தார்கள். திரையில் அவளுடைய அப்பாவின் மாலை போட்ட படம். அவள் நல்ல ஆங்கிலத்தில், ஒரு தடுமாற்றமும் இல்லாமல், துடக்கு என்கிற தீட்டு, குளிப்பு, காகத்துக்குச் சோறு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். செத்த வீட்டில் இருந்து புறப்படும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லமாட்டோம், பேசாமல் எழுந்து போய்விடுவோம் என்றாள். மேலாளர் அதைக் குறித்துக்கொண்டார். எல்லாரும் கைதட்டினார்கள். ஒருவர் சமோசா எங்கே வாங்கியது என்று கேட்டார். அவளுடைய அப்பா எப்படிப்பட்ட மனிதர் என்று ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. அவள் லாப்டாப்பை மூடிவிட்டு மேசைக்கு வந்து அடுத்த போனை எடுத்தாள்.

கொஞ்ச நாளில் விசா வந்தது. மேலாளர் கேக் வெட்டினார். அவள் ஒரு துண்டு சாப்பிட்டதைப் பார்த்து, அப்பாடா, தேறிவிட்டாள் என்று நினைத்தேன். அந்த வெள்ளிக்கிழமை மாலை அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள். நான் ஒரு போனில் இருந்தேன். என் தோளை ஒருமுறை தொட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. நான் போன் கதையை முடித்துவிட்டுத் திரும்பியபோது கீபோர்டு நேராக இருந்தது.

திங்கட்கிழமை ராஜினாமா ஈமெயில் மதுரையிலிருந்து வந்தது. மேலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு செய்தோம். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே" என்றார்.

"எப்படிப் போவாள் என்றுதான் உங்களுக்குப் பிரசன்டேஷன் செய்து காட்டினாளே" என்றேன்.

விளங்கியதும் அவருக்கு முகம் வெளிறிவிட்டது. எனக்கு அதில் ஒரு சந்தோசமும் இல்லை. என்னிடமும்தான் அவள் சொல்லவில்லை. பக்கத்தில் நான் இருந்தும் அவளுக்கு இந்த அலுவலகம் செத்த வீடாகத்தானே இருந்திருக்கிறது.

மதுரைக்குப் போன் எடுத்தால் அவளுடைய அம்மாதான் எடுப்பார். "தூங்குறாம்மா. வந்ததுல இருந்து தூங்கிட்டேதான் இருக்கா. எழுந்ததும் சொல்றேன்" என்பார்.

நேற்றும் அதையே சொன்னார். வைத்துவிட்டு மேசைக்கு வந்தேன். அவளுடைய நாற்காலியில் இன்னும் ஆள் போடவில்லை. என் போன் அடித்தது. நான் வாய் திறந்ததும், நியூசிலாந்துக்காரர் யாரும் இல்லையா என்று ஒரு பெண் கேட்டாள். பாட்டைப் போட விரல் போனது. மூக்குக் குரலுக்கு மனம் வரவில்லை.

"இங்கே ஒருவரும் இல்லை" என்றேன்.