கண்டல் வேர்களுக்கு நடுவே சுழியோடிய ஒரு பகல்

எங்கள் சின்னவன் வேலை கிடைத்து வன்கூவருக்குப் போனபிறகு, ரொறன்ரோவின் ரூஜ் பகுதியிலிருக்கும் வீட்டில் நானும் கணவர் குமரனும் மட்டும்தான். இரவுச் சாப்பாடு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு அவர் ஒரு திரையைப் பார்ப்பார், நான் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடப்பேன். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து எதையாவது பழகுவோம் என்று, ஸ்கூபா சுழியோடல் வகுப்பில் நான்தான் பெயர் கொடுத்தேன். நடன வகுப்பென்றால் அவர் வாசலோடு நின்றிருப்பார்.

ஸ்காபரோ நீச்சல் குளத்தில் பயிற்சி நல்லபடியாக முடிந்தது. அதன் பிறகு திறந்த நீரில் நான்கு முழுக்குப் போட்டால்தான் அனுமதி அட்டை. கோடையில் வடக்கே ஒரு ஏரியில் அவர் நான்கையும் முடித்து அட்டையை வாங்கிவிட்டார். நான் மூன்றாவது முழுக்கில், குளிரிலும் இருட்டிலும் மூச்சு முட்டிப் பாதியில் மேலே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தண்ணீருக்குள், நான் கரையில் காருக்குள். சேர்ந்திருக்க என்று தொடங்கிய விஷயம் எங்களை இன்னும் தள்ளி வைத்துவிட்டது. அதை நினைத்தால் எனக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது.

வெதுவெதுப்பான நீரில் மீதி இரண்டையும் முடிக்கலாம் என்று பயிற்சிப் பள்ளியில் சொன்னார்கள். அப்படித்தான் பெப்ரவரியில் மெக்சிக்கோவுக்குப் புறப்பட்டோம். இந்த முறையும் முடியாவிட்டால் விட்டுவிடுவது என்று முடிவெடுத்திருந்தேன். அவரிடம் அதைச் சொல்லவில்லை.

ரொறன்ரோவிலிருந்து கான்கூன் நான்கு மணிநேரப் பறப்பு. அங்கிருந்து துளும் என்ற ஊருக்கு நூற்று முப்பது கிலோமீட்டர், வான் வண்டியில் இரண்டு மணிநேரம். நான் வழியெல்லாம் பையைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தேன். வான் ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு எதையும் மறந்துவிட்டீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை, இவ எப்பவும் இப்படித்தான் என்று குமரன் பதில் சொன்னார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தப் பக்கத்தில் சுண்ணாம்புத் தரை இடிந்து விழுந்து உண்டான நன்னீர்ப் பள்ளங்கள் ஏராளம். செனோட்டே என்று சொல்கிறார்கள். நாங்கள் போனது துளுமிலிருந்து வடக்கே பத்துக் கிலோமீட்டரில், கடலோரமாக இருக்கிற ஒன்று. குகை இல்லை, மேலே திறந்த வானம். ஆழம் கூடியது எட்டு மீட்டர். ஒரு சின்ன ஆறு மாதிரி வளைந்து போகிறது, இரண்டு கரையிலும் உப்புநீரில் வேர்விட்டு வளரும் கண்டல் காடு. காலை எட்டரைக்கே போய்விடுங்கள், பத்து மணிக்குப் பிறகு நீந்த வருபவர்களின் கால்கள்தான் தெரியும்.

வெயிலுக்குப் பூசும் கிறீமோ எண்ணெயோ உடம்பில் இருந்தால் தண்ணீருக்குள் விடமாட்டார்கள். நான் தலைமுடி காய்ந்துவிடும் என்று காலையில் நன்றாகத் தேங்காய் எண்ணெய் அப்பிக்கொண்டு போயிருந்தேன். எங்கள் பயிற்சியாளர் இட்ஸெல் என்ற இளம்பெண் கிட்ட வந்து என் தலையை மணந்து பார்த்துவிட்டு, குளிக்கும் இடத்தைக் கையால் காட்டினாள். இரண்டு தரம் கழுவிய பிறகுதான் சம்மதித்தாள். குமரனுக்குச் சிரிப்பு.

இறங்கும் முன் அவள் விதிகளைச் சொன்னாள். சோடியாகப் போகிறவர்கள் அருகருகே நீந்த வேண்டும். யாருக்காவது சிலிண்டரில் காற்று பாதியானால் சைகை காட்ட வேண்டும். ஒருவருக்குப் பாதியானாலும் எல்லோரும் திரும்ப வேண்டும்.

தலையாட்டிவிட்டு இறங்கினோம். ஐந்து நிமிடத்தில் முதல் விதி போய்விட்டது. எங்கள் ஆட்களோடு ஸ்காபரோ கடைத்தெருவில் நடந்தவர்களுக்குத் தெரியும், மனுசன் பத்தடி முன்னே போவார், மனுசி பின்னே போவாள். கோயிலுக்கும் அப்படித்தான், வைத்தியரிடமும் அப்படித்தான். தண்ணீருக்குள்ளும் அவர் முன்னே போனார், நான் பின்னே போனேன். இரண்டு பேருக்குமே அது வித்தியாசமாகப் படவில்லை.

முதலில் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு வலது பக்கத்தில் கண்டல் வேர்கள் தண்ணீருக்குள் இறங்கி நிற்பதைக் கண்டேன். அவற்றுக்கு இடையே விரல் நீளமான மீன்கள், மேலிருந்து கம்பி கம்பியாக வெயில். அடியில் உப்புத் தண்ணீர், மேலே நல்ல தண்ணீர். இரண்டும் சேரும் இடத்தில், சீனிப்பாகு கரைவதுபோல் கண் மங்குகிறது. அதற்குள் கையை விட்டு விட்டு எடுத்தேன். ஓரிடத்தில் அசையாமல் மிதக்கிறேன் என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அப்போது குமரன் திரும்பும் சைகை காட்டினார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நான் பயந்துவிடுவேன் என்று அவரே முடிவெடுத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். கரைக்கு வந்து வாயிலிருந்த குழாயை எடுத்த கையோடு கேட்டேன்.

“என்னாலையோ திரும்பினனீங்கள்? நான் நல்லாத்தானே இருந்தனான்.”

“இல்லையப்பா, எனக்குத்தான் காத்து பாதியாப் போச்சு.”

“பழக்கமில்லாத எனக்கே காத்து கனக்கக் கிடக்குது. உங்களுக்கு எப்படி?”

அவர் காற்றுமானியைத் துடைத்துக்கொண்டே நின்றார். “நீர் வாறீரோ எண்டு திரும்பித் திரும்பிப் பாத்தன். நீந்தினதை விடத் திரும்பினதுதான் கூட.”

ஆமாம் என்று இட்ஸெல் அவரைக் காட்டிச் சிரித்தாள். அவர் சொன்னது அவளுக்கு விளங்கியிருக்காது, ஆனால் தண்ணீருக்குள் நடந்ததை அவள் கண்டிருக்கிறாள். நான் வேர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்குத்தான் தெரியவில்லை. இருபத்தாறு வருடமாக அவருடைய முதுகைப் பார்த்து நடந்திருக்கிறேன். பின்னால் நான் வருகிறேனா என்று அவருக்கு ஒரு கவலையும் இல்லை என்றே நினைத்திருந்தேன்.

அடுத்த முழுக்குக்கு ஒரு மணிநேரம் இடைவெளி. அதற்குள், போக இருப்பவர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். நுழைவுக் கட்டணத்துக்குப் பெசோவாகக் கையில் காசு வைத்திருங்கள். தண்ணீர் இருபத்தைந்து பாகைச் சூடுதான், ரப்பர் உடுப்பு இல்லாமல் இறங்காதீர்கள். கண்டல் ஓரம் நுளம்பு கடிக்கும், ஆனால் நுளம்பு மருந்தும் பூசக்கூடாது, நீளக்கைச் சட்டையோடு போங்கள். ஒரு சின்ன முதலை அங்கே குடியிருக்கிறது. நாங்கள் காணவில்லை, கண்டால் விலகிப் போகச் சொன்னார்கள். சுழியோடிய மறுநாள் காலை விமானம் ஏறாதீர்கள், அழுத்த மாற்றம் உடம்புக்கு ஆபத்து, முழுதாக ஒரு நாள் விட்டுப் பதிவு செய்யுங்கள். அட்டை கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது, கடைசி மட்டும் காத்திருந்து சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

இரண்டாவது தரம் இறங்கும்போது அவர் பழக்கத்தில் முன்னே போகப் பார்த்தார். நான் அவருடைய கையைப் பிடித்தேன்.

“பக்கத்தில வாங்கோ. அப்ப திரும்பத் தேவையில்லை.”

“ஓம்” என்றார்.

அருகருகே போனோம். அதே வேர்கள், அதே மீன்கள். கண் மங்குகிற அந்த இடம் வந்ததும் ஆளைத் தெரியாமல் போய்விடுமோ என்று எனக்கு ஒரு கணம் பதறியது. இடப்பக்கம் தலையைத் திருப்பினேன். அவர் ஏற்கெனவே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.