விரல் பழுத்தவன்

என் தம்பி மருதையைப் பற்றி யாராவது எழுதுவதானால் அது நானாகத்தான் இருக்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ரவிக்கை தைத்துப் பிழைக்கிறவள். துணியை அளக்காமல் கத்தரி வைக்க மாட்டேன். அதுபோல, கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் தவிர வேறு எதையும் இதில் எழுதவில்லை.

எங்கள் அப்பா மருங்காபுரிப் பக்கத்திலிருந்து திருச்சிக்குப் பிழைக்க வந்தவர். வரகனேரியில் குடியிருந்தோம். அப்பாவும் அம்மாவும் போன பிறகு, கல்யாணமான சில வருடங்களிலேயே வீட்டுக்காரரைப் பறிகொடுத்து நானும் அந்த வீட்டுக்கே திரும்பி வந்தேன். மருதைக்கு உறையூரில் சுருட்டுக் கம்பெனி ஒன்றில் பெட்டி ஒட்டும் வேலை. வேலை முடிந்து வந்து முகம் கழுவினால் நேராக டிரம் பழகப் போய்விடுவான்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு வாலிபர் சங்கம் இருந்தது. அங்கே டிரம் செட்டை ஆரம்பித்தவர் பாக்கியநாதன் மாஸ்டர். யுத்த காலத்தில் பட்டாளத்தில் டிரம் அடித்தவர். ஏலத்தில் எடுத்த பட்டாளத்து டிரம்களைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்து, மில்லிலும் கடையிலும் வேலை பார்த்த வாலிபர்களைச் சேர்த்துப் பழக்கினார். வெள்ளைக் கால்சட்டை, சிவப்புப் பட்டி வைத்த வெள்ளைச் சட்டை, கொக்கு இறகு குத்திய தொப்பி. சட்டைகளைத் தைத்தது நான்தான்.

மருதைக்குச் சிறிய டிரம். முதல் வரிசையில் வலது ஓரம் அவன் இடம். அவனைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கால் வைப்பார்கள். நான் அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை, ஐம்பத்தாறில் நடந்த போட்டியில் தனியாக அடித்ததற்கு அவன் ஒருவனுக்குத்தான் பதக்கம் கொடுத்தார்கள்.

அந்தச் செட்டில் ஒரு வழக்கம் உண்டு. சிறிய டிரம் அடிக்கிறவர்கள் இடது கைக் குச்சியைக் கட்டைவிரல் இடுக்கில் வைத்து, மோதிர விரலின் மேல் படுக்க வைப்பார்கள். பழகப் பழக அந்த விரலில் காய்ப்புக் காய்த்து உணர்ச்சி மரத்துப் போகும். போட்டிக்குப் போகும் முன் மாஸ்டர் வரிசையாக வந்து, குச்சி நுனியை ஒவ்வொருவரின் மோதிர விரலிலும் வைத்து அழுத்துவார். "வலிக்குதா?" என்பார். வலிக்கிறது என்றால் இன்னும் பழக வேண்டும். வலிக்கவில்லை என்றால், "விரல் பழுத்துடுச்சு" என்பார். அதுதான் அவர் வாயிலிருந்து வரும் பெரிய பாராட்டு. பழுப்பதற்கு மற்றவர்களுக்குப் பல வருடங்கள் ஆயிற்று. மருதைக்குச் சீக்கிரமே பழுத்தது. அன்றைக்கு அவன் வீட்டுக்கு வந்து, என் ஊசியை வாங்கித் தன் விரலில் குத்திக் காட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அடுத்த வருடம் அவன் கையிலிருந்து குச்சி நழுவ ஆரம்பித்தது. கவனமில்லை என்று மாஸ்டர் திட்டினார். பிறகு மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளே மடங்கின. நான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். பெருநோய், அதாவது குஷ்டம் என்றார்கள். "உணர்ச்சி போய் ரொம்ப நாளாகியிருக்கே, கவனிக்கலையா?" என்று டாக்டர் கேட்டார். "எங்க செட்டுல அத நல்ல விரல்னு சொல்லுவாங்க சார்" என்றான் மருதை.

ஊருக்கு வெளியே, அந்த நோய்க்கென்றே இருந்த ஆஸ்பத்திரியில் அவனைச் சேர்த்தேன். மாத்திரை சாப்பிட்டான். மாதம் ஒருமுறை போய்ப் பார்த்தேன். நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. ஆஸ்பத்திரி முற்றத்தில் வேப்பம்பழம் விழும். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்பான். "செட்டு இந்த வருஷம் போட்டிக்குப் போகுதாக்கா?" போகிறது என்பேன். தலையாட்டுவான்.

அறுபதாம் வருடக் கடைசியில், இனி யாருக்கும் ஒட்டாது, வீட்டுக்குப் போகலாம் என்று அனுப்பிவிட்டார்கள். விரல்கள் மடங்கியபடியே இருந்தன. உணர்ச்சி வரவில்லை. வீட்டில் எனக்குத் துணி தேய்த்துக் கொடுத்தான். கரி போட்ட இஸ்திரிப் பெட்டி சுட்டாலும் அவனுக்குத் தெரியாது. அதனால் தினமும் விளக்கேற்றியதும் அவன் இடது கையை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்ப்பது என் வேலையாயிற்று.

பொங்கல் கழிந்து ஸ்ரீரங்கத்தில் போட்டி என்று தெரிந்தது. செட்டில் முன்பு இருந்தவர்களுக்கு மைதானத்தில் தனி பெஞ்சு போடுவார்கள். மாஸ்டர் தன் கையாலேயே அவர்கள் சட்டையில் சிவப்பு ரிப்பன் குத்துவார். ரிப்பன் குத்தினால் அவன் என்றைக்கும் செட்டு ஆள் என்று அர்த்தம். மருதைக்கு அந்த ரிப்பன் வேண்டும். அவன் வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள் அதுதான். செட்டில் அவன் நோயைப் பற்றித் தெரிந்தவர் மாஸ்டர் ஒருவர்தான். நான் அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"அழகம்மா, உன் தம்பிக்கு இல்லாத ரிப்பனா? கூட்டிட்டு வா. ஆனா அவன் மெட்ராஸ்ல வேலைக்குப் போயிருக்கான்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். அப்படியே இருக்கட்டும். பசங்களுக்கெல்லாம் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு. தெரிஞ்சா பெஞ்சுல ஒருத்தன் உக்கார மாட்டான்."

மருதையிடம் சொன்னேன். "சரிக்கா" என்றான்.

அவனுக்கு முழுக்கை வெள்ளைச் சட்டை தைத்தேன். இடது கையை மட்டும் கொஞ்சம் நீளமாக விட்டேன், விரல் நுனிவரை மறையும்படி. டவுன் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது ஆற்றில் தண்ணீர் நிறைய இருந்தது. அவன் பார்க்கவில்லை.

பூஜை நேரம், கோயில் வீதிகளில் கொட்டக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் எங்கள் செட்டு டிரம்களைத் தோளில் மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வரிசையாக நடந்து போயிற்று. செருப்புச் சத்தம்கூட ஒரே சீராகக் கேட்டது. நாங்கள் பின்னால் நடந்தோம். மருதையின் கால்கள் தானாகவே அந்த வரிசையோடு சேர்ந்துகொண்டன. முகத்தில் மட்டும் ஒன்றும் இல்லை.

மைதானத்தில் கும்பகோணம், கரூர் செட்டுகளும் வந்திருந்தன. பந்தலுக்குள் எங்கள் பெஞ்சு. பெண்களுக்கு எதிரே தனி இடம் இருந்தது. நான் பெஞ்சுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டேன். பழைய ஆட்களில், செட்டில் ஜால்ரா தட்டிய சேக் மைதீன் இருந்தார். பாலக்கரையில் பிஸ்கோத்துக் கடை வைத்திருப்பவர்.

"வாய்யா மெட்ராஸ்காரரே" என்றார். "ஆளு பாதியா இருக்கியே. மீதிய அங்கயே வித்துட்டியா?"

"ஆமாண்ணே. நல்ல வெலைக்குப் போச்சு."

"எங்களுக்கு ஒண்ணும் வாங்கிட்டு வரல?"

"ஒங்க கடையில இல்லாததா அங்க இருக்கு?"

சேக் மைதீன் சிரித்து, நகர்ந்து இடம் கொடுத்தார். மாஸ்டர் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. ரிப்பனை எடுத்து மருதையின் சட்டையில் ஊக்கால் குத்தினார். மருதை குனிந்து அதைப் பார்த்தான். அவன் வந்த வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

எங்கள் செட்டின் முறை நெருங்கியது. பெஞ்சுக்கு முன்னாலேயே வரிசை நின்றது. மாஸ்டர் குச்சியை எடுத்துக்கொண்டு விரல் பார்க்க வந்தார். வலது ஓரத்தில், மருதை நின்ற இடத்தில், இப்போது நல்லுசாமி என்ற மில் தொழிலாளி நின்றான்.

"வலிக்குதா?"

"எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல மாஸ்டர்."

"பழுத்துடுச்சு. போன வருஷம் வந்தவன், அதுக்குள்ள பழுத்துட்டான். மருதைக்குப் பிறகு இவன்தான்யா."

எல்லாரும் கைதட்டினார்கள். மருதை எழுந்தான். எனக்குப் பயம்கூட இல்லை. அவன் என்ன செய்யப்போகிறான் என்று மட்டும் தெரிந்தது.

"ஒரு நிமிஷம் மாஸ்டர். தம்பி, தொப்பியக் குடு."

நல்லுசாமியின் தொப்பியிலிருந்து கொக்கு இறகை உருவினான். "கண்ண மூடிக்க. எங்க தொடறேன்னு சொல்லு."

"என்னண்ணே, கூச்சமா இருக்கு. சுண்டு விரல்."

"இப்ப?"

"மோதிர விரல். பக்கவாட்டுல."

"இப்ப?"

"தெரியல. காய்ப்பு மேலயா?"

"ஆமா. இங்க?"

"உள்ளங்கை. அப்புறம் மணிக்கட்டு. போதும்ணே, சிரிப்பு வருது."

"உனக்கு ஒண்ணுமில்ல. வெறும் காய்ப்புதான்" என்றான் மருதை.

"மெட்ராஸ்ல வைத்தியமா படிச்சே?" என்றார் சேக் மைதீன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு அவன் உட்கார்ந்திருந்தால் எல்லாம் அப்படியே இருந்திருக்கும். ஆனால் மாஸ்டர் அடுத்தவன் விரலில் குச்சியை வைத்துவிட்டார்.

"நான் மெட்ராசுக்குப் போகலண்ணே" என்றான் மருதை. பாடம் ஒப்பிக்கிறவன் போல மெதுவாகச் சொன்னான். "பெருநோய் ஆஸ்பத்திரியில இருந்தேன். எனக்கும் இந்த விரல்தான். பழுத்துடுச்சுன்னு சொன்னீங்க, நானும் சந்தோஷப்பட்டேன். அது பழுக்கல மாஸ்டர். குச்சியால குத்திப் பார்த்தா காய்ப்பும் நோயும் ஒண்ணாத்தான் இருக்கும். எறகால சுத்தித் தொட்டுப் பாருங்க. சீக்கிரம் தெரிஞ்சா விரல் மடங்காது."

சட்டைக் கையைத் தள்ளி இடது கையைக் காட்டினான்.

இரண்டாவது வரிசையில் ஒருவன் ஒரு அடி பின்னால் வைத்தான். நல்லுசாமி தன் கையைக் கால்சட்டையில் துடைத்தான். சேக் மைதீன் எழுந்து பந்தல் காலருகே போய் நின்றார். ஒலிபெருக்கியில் எங்கள் செட்டின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மாஸ்டர் குச்சியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மருதையிடமிருந்து இறகை வாங்கினார். "கண்ண மூடு" என்றார் அடுத்தவனிடம். இரண்டாம் தடவையும் கூப்பிட்டார்கள். அவர் அவசரப்படவில்லை. சிறிய டிரம்காரர்கள் அத்தனை பேருடைய விரலையும் இறகால் தொட்டுக் கேட்ட பிறகுதான் செட்டு மைதானத்தில் இறங்கியது. காய்ப்பைச் சுற்றித் தொட்டது எல்லாருக்கும் தெரிந்தது. யாருக்கும் ஒன்றுமில்லை.

தாமதமாக இறங்கியதற்கு மார்க் குறைத்தார்கள். நன்றாகத்தான் அடித்தார்கள். டிரம் சத்தம் பந்தல் கீற்றை அதிர வைத்தது. பெஞ்சில் மருதை ஒருவன்தான் இருந்தான். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் கால்கூடத் தட்டவில்லை.

"நல்லுசாமி நல்லா அடிக்கிறானா?" என்று கேட்டேன்.

"இடது குச்சி கொஞ்சம் பிந்துது. சரியாயிடும்" என்றான்.

பரிசு கரூருக்குப் போயிற்று. எங்கள் ஆட்கள் டிரம்களுக்கு உறை போட ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கம் ஒருவரும் வரவில்லை. மாஸ்டர் வந்தார், இறகை மருதையின் மடியில் வைத்தார், போய்விட்டார்.

கிளம்பலாம் என்று எழுந்தபோது நல்லுசாமி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். கொஞ்ச தூரத்தில் நின்றான். பிறகு கிட்ட வந்தான்.

"மொட்டத் தொப்பியோட அடிச்சது நான் ஒருத்தன்தாண்ணே. ஜட்ஜு அதுக்கும் சேத்துக் கழிச்சிருப்பாரு."

"குடு" என்றான் மருதை. தொப்பியில் இறகு நிற்கவில்லை. தன் சட்டையிலிருந்த ரிப்பனைக் கழற்றிப் பெஞ்சில் போட்டு, அந்த ஊக்கால் இறகைத் தொப்பியோடு சேர்த்துக் குத்தினான். ஊக்கு மறுபக்கம் வந்து அவன் மோதிர விரலில் ஏறியது. அவன் பாட்டுக்கு அழுத்திக்கொண்டிருந்தான்.

"அண்ணே, ரத்தம்" என்றான் நல்லுசாமி.

நான் கையை நீட்டுவதற்குள் அவனே மருதையின் விரலைப் பிடித்து ஊக்கை எடுத்தான். துடைக்க ஒன்றும் இல்லை. பெஞ்சில் கிடந்த ரிப்பனை எடுத்து விரலில் சுற்றி முடிச்சுப் போட்டான். "இறுக்கமா இருக்கா?" என்று கேட்டான். கேட்ட பிறகு என்னைப் பார்த்தான். சரியாகத்தான் இருக்கிறது என்று நான் சொன்னேன்.

சேக் மைதீன் அதற்குப் பிறகு மருதையின் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. தீபாவளிக்கு ஆள் மூலம் பிஸ்கோத்துக் கொடுத்தனுப்புவார். மாஸ்டர் மறு வருடத்திலிருந்து குச்சியால் விரல் பார்ப்பதை விட்டுவிட்டார். சட்டைப் பையில் ஒரு கொக்கு இறகு வைத்திருக்கிறார் என்று நல்லுசாமி வந்து சொன்னான். பதக்கத்தை நான் பெட்டியில் வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் காட்டுவேன், கேட்காவிட்டாலும் காட்டுவேன். ஆனால் என் தம்பியைப் பற்றிச் சொல் என்றால், பதக்கத்தைப் பற்றிச் சொல்ல மாட்டேன். அன்றைக்குப் பெஞ்சிலிருந்து அவன் எழுந்ததைத்தான் சொல்வேன்.

அன்று வீட்டுக்கு வந்து விளக்கேற்றியதும் முடிச்சை அவிழ்த்து, காயத்தைக் கழுவி, துணி கட்டினேன். ரிப்பனை அலசிக் கொடியில் போட்டேன். சிவப்பு என்பதால் கறை தெரியவில்லை. காய்ந்ததும் தேய்த்துக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.