கரைவலைக் கயிற்றில் நான் விட்ட பிடி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் ஆண்டு, பக்ரீத் பெருநாளுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பட்டணத்திலிருந்து மின்சார ரயிலில் பொன்னேரி வந்து இறங்கினேன். அங்கிருந்து பழவேற்காட்டுக்கு ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். பேருந்துக் கட்டணம் ஒன்றரை ரூபாய். இருக்கை காலியாக இருந்தும் நின்றுகொண்டே சென்றேன். ஐம்பத்திரண்டு வயதிலும் அன்றாடம் மைதானத்தில் ஓடும் கால்கள் என்னும் பெருமை எனக்கு.

என் நண்பர் காதர் பாய் பழவேற்காட்டில் கருவாட்டுக் கடை நடத்துபவர். என் வயதினர், பகல் முழுதும் அமர்ந்தே இருப்பவர். ஓராண்டாக முழங்கால் வலியால் மண்டியிட இயலாமல், பள்ளிவாசலின் பின்வரிசையில் முக்காலியில் அமர்ந்து தொழுது வந்தார். பெருநாளன்றாவது மகன்களோடு ஒரே வரிசையில் நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தா செய்ய வேண்டும் என்பது அவருடைய ஏக்கம். உடற்பயிற்சியே வலிக்கு மருந்து என்று முன்பு வந்தபோது வற்புறுத்தி, ஏரிக்கரையில் அவரை நாள்தோறும் நடக்க வைத்திருந்தேன்.

"வா, வா. வலி குறைஞ்சிருக்குப்பா. நேத்து வீட்ல சஜ்தா செஞ்சு பாத்தேன். முட்டி ஒத்துக்கிச்சு" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

அத்துடன் நான் நிறுத்தியிருக்க வேண்டும். "வாங்க பாய், கரைவலை இழுத்துப் பார்ப்போம். நல்லா வேர்த்தா மிச்ச வலியும் போயிடும்" என்றேன்.

"இன்னாப்பா, என்னைக் கொல்றதுக்கா வந்தே?" என்று சிரித்தவர், என் மேலுள்ள நம்பிக்கையால் உடன் வந்தார்.

ஒன்பது மணிக்குப் படகில் ஏரியைக் கடந்து கடலோரக் குப்பத்தை அடைந்தோம். கடலில் வளைத்துவிட்ட வலையின் இரு முனைக் கயிறுகளையும் கரையில் நின்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றில் கை வைப்பவர் விருந்தாளியே ஆனாலும் அவருக்கு மீனில் பங்குண்டு என்பது அவ்வூர் வழக்கம்.

"நைனா, கயித்தைத் தொட்டா வலை மடி கரையேறுற வரைக்கும் வுடக் கூடாது. வேடிக்கைன்னா அப்டி ஓரமா குந்து" என்றார் வலைக்காரர் முனுசாமி. நான் அன்றாடம் ஓடுபவன் என்று காதர் பாய் அவரிடம் பெருமையாகச் சொன்னார்.

"பாய் தொப்பையைப் பாத்தா மீனு தானா கரைக்கு வந்துடும்!" என்று ஒருவர் கேலி செய்தார்.

எல்லோரும் கடலை நோக்கியபடி பின்னோக்கி நடந்து இழுத்தோம். கயிற்றின் கடைசியில் நாங்கள் இருவர். எனக்குப் பின்னால் காதர் பாய்.

"வேர்த்ததும் வலியே தெரியலப்பா, நீ சொன்னது நெசம்தான்" என்று அவர் மூச்சிரைக்கக் கூறிய வேளையில், எனக்கு உள்ளங்கைகள் எரிந்தன. மைதானத்தில் நான் அறிந்த வலி, நான் வேகத்தைக் குறைத்தால் தானும் குறைந்துவிடும். கயிற்றின் வலியோ என் விருப்பத்தைக் கேட்கவில்லை. பேரலை ஒன்று வலையைப் பின்னுக்கு இழுத்தது. தோளில் மின்னலெனப் பாய்ந்த வலியில் பிடியை விட்டேன். நான் தாங்கிய இழுவையும் காதர் பாய் மேல் இறங்க, அவர் முன்னோக்கி இழுபட்டு, மணலில் கிடந்த கட்டுமரக் கட்டையில் முழங்கால் மோத விழுந்தார்.

முனுசாமி திரும்பிப் பார்ப்பதற்குள் நான் மீண்டும் கயிற்றைப் பற்றிக்கொண்டேன்.

"இன்னா ஆச்சு பாய்?"

காதர் பாய் என்னை ஒரு கணம் பார்த்தார். "ஒண்ணுமில்ல. கால் வழுக்கிடுச்சு."

வலை கரையேறியதும் மத்தி மீனைக் கூறு கூறாகப் பிரித்தார்கள். "பட்டணத்து நைனாவுக்கு ஒரு பங்கு! ஓட்டக்காரரு, கடைசி வரைக்கும் வுடல பாரு!" என்றார் முனுசாமி. அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம். கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் படகில் காதர் பாயின் முழங்கால் வீங்கத் தொடங்கியது. "பாய்..." என்று ஆரம்பித்தேன்.

"பெருநாள் அடுத்த வருசமும் வரும்பா. மீனை வெயில்ல வைக்காதே" என்றார்.

மாலைப் பேருந்தில் அருகில் அமர்ந்திருந்த மீன்காரப் பெண்மணி என் ஓலைக்கூடையை எட்டிப் பார்த்தாள். "மத்தி பளபளன்னு கீதே! நீயே இழுத்தியா நைனா?"

"என் நண்பர் இழுத்தார்" என்றேன். அதைக் கூறவேண்டிய இடத்தைவிட்டு வெகுதூரம் வந்திருந்தேன்.

பெருநாளன்று காலை வழக்கம்போல் எங்கள் மைதானத்தில் ஓடினேன். மூன்றாம் சுற்றில் தோள் வலித்தது, நின்றுவிட்டேன். அங்கே நான் நிற்பதனால் எவரும் விழுவதில்லை.