ஞாயிறு சாயங்காலம் கிளம்பாத ஃப்ரிட்ஜ்

எண்பதுகளின் நடுவில் ஒரு மே மாதம். திருவண்ணாமலையில் தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். என் எட்டு வயது மகளுக்குச் சர்க்கரை வியாதி. தினமும் இன்சுலின் ஊசி போட வேண்டும். வேலூரிலிருந்து வாங்கி வரும் அந்த மருந்துக்காகவே பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று வாங்கி வைத்திருந்தோம்.

அது ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மக்கர் செய்தது. கம்ப்ரஸர் 'ம்ம்ம்' என்று முனகும். 'டிக்' என்று அடங்கிவிடும். மறுபடி முனகல், மறுபடி டிக். ஞாயிறு காலை மெக்கானிக்கை அழைத்து வந்தால், அவர் பிளக்கைச் செருகியதும் பாவி ஃப்ரிட்ஜ் சமர்த்தாக ஓடியது!

"நல்லாத்தான ஓடுது? இதுக்கா கூப்ட்டீங்க?" என்று சிரித்துவிட்டுப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஃப்ரிட்ஜை ஓர் உதை விட்டேன். கால்தான் வலித்தது.

மத்தியானம் போன கரண்ட் சாயங்காலம்தான் வந்தது. ஐஸ் முழுக்க உருகியிருந்தது. ஸ்விட்சைப் போட்டால் பழையபடி முனகல், டிக். கணவரோ வெளியூரில். "பின்னாடி ரெண்டு தட்டு தட்டிப் பாரேன்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. தட்டினேன். சாய்த்து வைத்தேன். கற்பூரம் ஏற்றாததுதான் பாக்கி. மண்பானைத் தண்ணீரில் மருந்தை வைக்கலாமென்றால் அந்தத் தண்ணீரே வெதுவெதுவென்று இருந்தது. மருந்து கெட்டுப்போனால் நாளைக்குப் பிள்ளைக்கு எதைப் போடுவேன்? அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் ட்யூப்லைட்டும் பிடிக்காமல் மினுக்குவதைக் கவனித்தேன். சாயங்காலமானால் வீட்டுக்கு வீடு இட்லிக்கு மாவாட்டும் கிரைண்டர், ஃபேன், விளக்கு. வோல்டேஜ் கம்மி! கம்ப்ரஸருக்குக் கிளம்பத்தான் தெம்பில்லை. கிளம்பிவிட்டால் ஓடிவிடும் என்று தோன்றியது.

வெட்கத்தை விட்டு வீடு வீடாக ஓடினேன். "ரெண்டே நிமிஷம் எல்லாத்தையும் நிறுத்துங்க" என்று கெஞ்சினேன். கிரைண்டர்கள் நின்றன. கடைசியாக டிவி வீடு. சந்துக்கே அது ஒன்றுதான் டிவி. ஞாயிற்றுக்கிழமை சினிமா, கூடம் நிறைய ஜனம், படம் முடியும் கட்டம். சாக்கடைத் தகராறில் அந்த வீட்டுக்காரரோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது. தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

அவர் எழுந்து டிவியை அணைத்தார். மெயினையும் இறக்கினார். "புள்ள மருந்துன்னா முன்னாடியே வந்து சொல்றதுக்கு இன்னாம்மா? போ, போய் ஸ்விட்ச் போடு!" என்று என்னை விரட்டினார்.

சந்தே இருட்டு. ஸ்விட்சைப் போட்டேன். முனகியது. டிக் வரவில்லை. ஓட ஆரம்பித்துவிட்டது! வாசலுக்கு வந்து, "ஓடுது! எல்லாரும் லைட் போட்டுக்கோங்க!" என்று கத்தினேன்.

யாரும் போடவில்லை. "நல்லா ஓடட்டும்மா, மறுபடி நின்னுடப் போவுது" என்று டிவி வீட்டுக்காரர் குரல்தான் வந்தது. படம் அதற்குள் முடிந்தே போயிருக்கும். புழுக்கத்தில் விசிறிக்கொண்டு எல்லோரும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

அதன்பிறகு அந்த ஃப்ரிட்ஜைத் திட்டியிருக்கிறேன், மெக்கானிக்கைத் திட்டியிருக்கிறேன், கரண்டைத் திட்டாத நாளே இல்லை. ஆனால், 'இந்தக் காலத்துல யாருக்கு யாரு?' என்று யாராவது அலுத்துக்கொண்டால் மட்டும் என்னால் தலையாட்ட முடிவதில்லை. என் மகளின் மருந்து குளிரட்டும் என்று ஒரு சந்தே இருட்டில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் நான்.