இடுப்பில் கட்டிய கயிறு

தெயோனேயின் மனசில் பன்னிரண்டு வருஷமாக ஒரு முள். அன்று, தனியாக இருக்கும் கராரைனா அக்காவுக்காக அக்கரையிலிருந்து பூனைக்குட்டி ஒன்றைச் சட்டைக்குள் பொத்தி வைத்து, அலையடிக்கிற கடலில் படகோட்டி வந்தான். கராரைனா அதைக் கையில் வாங்கினாள், கன்னத்தோடு ஒட்டிக் கண்ணை மூடினாள். வெகுநேரம். பிறகு அவன் சட்டைக்குள்ளேயே திரும்ப விட்டாள்.

"நாளைக்கே கொண்டுபோய் விட்டுடு."

"கழுத்துல மணி கட்டிடலாம்க்கா."

"மணி கேட்டா ஓடணும்னு கிவிக் குஞ்சுக்கு யாருடா சொல்லி வச்சது?"

அவள் ராக்கியூரா என்கிற அந்தத் தீவிலேயே பிறந்தவள். மீன் கொட்டகையில் முப்பது வருஷம் மீன் அறுத்து ஐஸில் அடுக்கியதில் விரல்கள் எப்போதும் சில்லிட்டிருக்கும். புருஷன் கடலோடு போனபின் வீட்டில் கெட்டில் கொதிக்கும் சத்தம்தான் துணை. முன்னே ஒரு பூனை வைத்திருந்தாள். ஒருநாள் காலை அது, பறக்கத் தெரியாத கிவிப் பறவையின் குஞ்சு ஒன்றைக் கொன்று, தலையணை பக்கத்தில் பரிசு மாதிரி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தது. அந்தத் தீவில் கிவி பகலிலும் திரியும். அவள் விறகுக் கொட்டகைக்கு அடியிலேயே ஒரு ஜோடி வளை தோண்டியிருந்தது.

எல்லாம் தெயோனேக்குத் தெரியும். இருந்தாலும் ஊரே பார்க்கக் குட்டியோடு திரும்பப் படகேறினானே, அது ஆறவில்லை.

ஏழெட்டு வருஷம் கழித்து, அக்கரைப் பண்ணையில் ஆடு மேய்த்து ஓய்ந்த ஒரு கிழட்டு நாயை அவளே கூட்டி வந்தாள். கோரோ என்று பெயர். அவன் கேட்டே விட்டான்.

"பூனை ஆகாது, நாய் ஆகுமா?"

"பூனையக் கட்டிப்போட முடியுமாடா? இவனை முடியும்."

கிவியைக் கண்டால் ஒதுங்கிப் போக நாய்களைப் பழக்குகிற ஆள் வந்தார். செத்த கிவியைத் தரையில் கிடத்தி, நாயின் கழுத்தில் சுருக்கென்று ஷாக் வைக்கிற பட்டையை மாட்டினார். மற்ற நாயெல்லாம் பதறி விலகின. கோரோ மூன்று தடவையும் வாலை ஆட்டிக்கொண்டு கிவியிடமே போனான். ஆசையாகக் கவ்வினால்கூட அந்தப் பறவையின் நெஞ்சு நொறுங்கிவிடும். திருப்பி அனுப்பிவிடுவாள் என்றே தெயோனே நினைத்தான். அதில் அவனுக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

அவள் பழைய படகுக் கயிற்றை எடுத்து ஒரு முனையை நாயின் கழுத்திலும், மறு முனையைத் தன் இடுப்பிலும் கட்டிக்கொண்டாள். அடுப்படி, கடைத்தெரு, துறை, எங்கும் அப்படியே.

"யாரை யாரு மேய்க்கிறீங்க?" என்பார்கள் துறையில்.

"முறை வச்சு மேய்க்கிறோம்" என்பாள்.

மூடுபனி இறங்கும் பிற்பகல்களில் மீன் கொடுக்கப் போகிற தெயோனே வேலியோரம் நின்றுவிடுவான். அவள் படியில் உட்கார்ந்திருப்பாள். காலடியில் கோரோ தூங்குவான். பனிக்குள்ளிருந்து கிவி ஒன்று வந்து, நீள மூக்கால் ஈர மண்ணைக் குத்தி முகர்ந்துகொண்டே, கைக்கெட்டுகிற தூரத்தில் கடந்து போகும். தூக்கத்திலேயே நாயின் கால்கள் நாலும் ஓடும். கயிறு மெல்ல அதிரும். அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்திருப்பாள். எது நிஜம், எது நாயின் கனவு என்று அவனுக்கே குழம்பும். முள்ளும் அந்த நேரம் குத்தாது.

போன வருஷம் அவளை அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சின்ன விமானம் வந்தது. ஏறுமுன் இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள். கேட்காமலே தெயோனேயின் இடுப்பில் சுற்றிக் கட்டினாள், அந்தச் சில்லிட்ட விரல்களால். அவள் திரும்பி வரவில்லை. கடைசியாகச் சொன்னது இதுதான்:

"முழிச்சிருக்கும்போது அவுத்து விட்றாதடா. தூக்கத்துல ஓடுனா மட்டும் எழுப்பாத. அங்கயாவது போய்ப் புடிக்கட்டும்."