சம்மந்தியின் சைக்கிளில் இறுகிய கொட்டர்

என் பேத்தி பிறந்து அன்று பதினெட்டாம் நாள். முகம் அப்படியே என்னுடையது. இதை வீட்டில் ஒருவரும் ஒத்துக்கொள்வதில்லை. அவளைப் பார்க்கத்தான் காலையிலேயே சல்லிக் கிராமத்துக்குப் போனேன். அங்கே சம்மந்தி, முற்றத்தில் சைக்கிளோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

சம்மந்தி என்றால் என் மகள் நிருஜாவின் மாமியார், இரத்தினேஸ்வரி. சம்பூரில் பிறந்தவர். 2006 யுத்தத்தில் இடம்பெயர்ந்து வந்து சல்லியிலேயே தங்கிவிட்டார். கணவர் செத்த பிறகு இந்தச் சைக்கிளில் ஐஸ் பெட்டி கட்டி, உப்புவெளித் தெரு ஒழுங்கைகளில் மீன் விற்றுத்தான் மகன் லதீசனை வளர்த்தார். நிருஜாவுக்கு உதவிக்கென்று ஐந்து மாதம் வீட்டில் நின்றுவிட்டார். சைக்கிள் துருவேறிக் கறள் பிடித்தது. அதற்குள் ஒருவன் மோட்டார் சைக்கிளில் அந்த ஒழுங்கைகளுக்கு மீன் கொண்டுபோகத் தொடங்கிவிட்டான்.

"திங்கக்கிழமை நான் போகாட்டி அந்த வீடுகள் அவனுக்குத்தான்," என்றார். "பிறகு நான் ஆருக்கு விக்கிறது? கோணேசருக்கோ?"

பெடல் கையை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் சின்ன இரும்பு ஆப்பைக் கொட்டர் என்போம். அது தேய்ந்து, மிதிக்க மிதிக்க டக் டக் என்று அடித்ததால் ஐந்து மாதத்துக்கு முன் லதீசனிடம் திருத்தச் சொல்லியிருந்தார். லதீசனுக்கு பைபர் வள்ளம் செய்யும் இடத்தில் வேலை. அவன் கொட்டரை மாற்றவில்லை. வள்ளத்து ஓட்டையை அடைப்பதுபோல ரெசின் பசையை ஊற்றி மூடிவிட்டான். அது கல்லாகிவிட்டது. உள்ளே பெடல் கை இன்னும் ஆடியது; கொட்டரைக் கழற்றவும் வழியில்லை.

"நெருப்புக் காட்டினா இளகும்," என்றேன்.

"பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டில அந்தப் புகையோ? நல்ல அம்மப்பா!"

இரும்பறுக்கும் வாள் அலகால் இருவரும் சுரண்டினோம். ரெசினுக்குள் பைபர் துணி வந்தது. ஒரு சுற்று. அதற்குக் கீழே இன்னொன்று. பிறகு மூன்றாவது. சம்மந்தி நிமிர்ந்தார்.

"ஓட்டை வள்ளத்துக்கே ரெண்டு சுத்துத்தானே போடுறவங்கள்."

லதீசன் குசினி வாசலில் பிள்ளையோடு நின்றான்.

"டேய், இது திருத்தினதோ, பூட்டுப் போட்டதோ?"

அவன் பிள்ளையைப் பார்த்தபடி சொன்னான்: "வீட்டில இருங்கோ எண்டுதானம்மா. வெயிலுக்க திரிஞ்சது போதும், காணும்."

"காணுமோ காணாதோ எண்டு சொல்ல எனக்கு வாய் இல்லையோ? ஒரு சொல்லுக் கேட்டியோ? களவா என்ர காலைக் கட்டியிருக்கிறாய்!"

"மெல்லம்மா, பிள்ளை முழிச்சிடும்."

"முழிக்கட்டும். மீன்காரியின்ர பேத்தி, சத்தத்துக்குப் பழகட்டும்."

இந்தச் சண்டையை நிறுத்த எனக்குத் தெரிந்த வழி வேலைதான். கொட்டரின் நட்டைக் கழற்றிவிட்டுச் சுத்தியலால் ஒரு அடி போட்டேன். கோபம் என் பக்கம் திரும்பியது.

"நட்டில்லாம அடிக்கிறதே? புரி நசிஞ்சா அது உள்ளுக்கயே கிடந்து சாகும்! தள்ளுங்கோ!"

நட்டைத் திருகுப் புரியின் நுனிவரை திரும்பவும் ஏற்றினார். பெடல் கைக்குக் கீழே குழாய்த் துண்டொன்றை முண்டு கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் அடி அச்சில் இறங்கி, அச்சு வளைந்துவிடும். அந்த மாதிரி அச்சு இப்போது கடைகளில் இல்லை. வளைந்தால் சைக்கிள் பழைய இரும்புக்குத்தான் போகும்.

"பிள்ளையைச் சம்மந்தியிட்டக் குடு. வந்து குழாயைப் பிடி," என்றார் மகனிடம்.

பேத்தி என் கைக்கு வந்தாள். அந்த நேரத்திலும் எனக்குச் சந்தோசம்தான்.

லதீசன் முழங்காலிட்டுக் குழாயைப் பிடித்தான். "அம்மா, என்ர கை..."

"உனக்கு அடிக்கிறதெண்டா எப்பவோ அடிச்சிருப்பன். அசையாத."

முதல் அடிக்குக் கறள்தான் கொட்டியது. இரண்டாவது அடியில் ஐந்து மாதம் ஏமாந்த கோபமும் இருந்தது. கொட்டர் சறுக்கி இறங்கியது. அச்சைச் சுழற்றி, கண்ணைக் கிட்ட வைத்துப் பார்த்தார். வளையவில்லை.

"அதுதான் வந்திட்டுதே. இனிக் கோவத்தை விடுங்கோவன்," என்றான் லதீசன்.

"விட மாட்டன்."

வாங்கி வைத்திருந்த இரண்டு புதுக் கொட்டரில் ஒன்றை இறுக்கி, சைக்கிளை ஒழுங்கை முனைவரை ஓட்டிவிட்டு வந்தார். இறங்கியதும் சுத்தியலை மகனின் கையில் திணித்தார்.

"மற்றப் பக்கக் கொட்டரும் தேஞ்சிருக்கு. இப்ப நீ அடி. நான் பிடிக்கிறன்."

மண்ணில் முழங்காலிட்டுக் குழாயைப் பிடித்தார். லதீசன் சுத்தியலைத் தூக்கி, தாயின் விரல்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப இறக்கினான்.

"என்னடா பாக்கிறாய்? அடி. திங்கக்கிழமை எனக்கு வேலை இருக்கு."