ஜிவாதின் மாற்றிய சென்சார்

ஜிவாதின் காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தான். ஒரு கை ஸ்பேனரைப் பிடித்திருக்க, மறு கை புகைக்குழாயின் கழுத்தில் துரு இளக்கும் எண்ணெயை அடித்துக்கொண்டிருந்தது. பழைய ஆக்சிஜன் சென்சார் அசைய மறுத்தது. கட்டைவிரல் அளவுள்ள அந்தப் பொருள்தான் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை மோந்து பார்த்து, பெட்ரோலைக் கூட்டவா குறைக்கவா என்று இன்ஜினுக்குச் சொல்கிறது. நூறு கிலோமீட்டருக்கு ஏழு லிட்டர் குடித்த கார், டிசம்பரிலிருந்து பத்து குடித்தது.

"இத மாத்தினா ஏழுக்கு வந்துடும் சிஸ்டர். வரலேன்னா மீசைய எடுத்துடறேன்."

"உன் மீசைய வெச்சு நான் என்ன பண்ண? தலைவலி எப்படி இருக்கு?"

"அது கெடக்கு. குளிர்காலத்துத் தலைவலி."

அவனுக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்தாறு வருடம் செப்புச் சுரங்கத்தில் லிஃப்ட் ஓட்டியவன். எண்பது ஆட்களை ஒரே இரவில் ஏற்றி இறக்கி, ஒருவரையும் தவறவிட்டதில்லை. சுரங்கம் மூடியபின் இந்தக் காரை வாங்கினான். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் எங்கள் பள்ளத்தாக்கின் சிறுநீரக நோயாளிகளை அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மருத்துவமனைக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவான். பனியில் மலையேறி வர வேறு டிரைவர் கிடையாது.

அந்த ஜனவரியில் அவன் தினமும் ஏற்றிப்போகும் நோயாளி க்வோஸ்டெனின் வீட்டையே இரண்டு முறை தாண்டிப் போய்விட்டான். ஒரு நாள் காலுக்கு ஒரு பூட்ஸாகப் போட்டு வந்தான். நாற்பது வருடம் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்தவள் நான். வயதில் வரும் மறதிக்கு ஒரு நடை உண்டு. இது ஓடி வந்துகொண்டிருந்தது.

சென்சார் பழசாகி மந்தமாகிவிட்டால், மாற்றியதும் பெட்ரோல் மிச்சமாகும். அதில் பொய்யில்லை. ஆனால் புதியதைப் பொருத்தி, சனி ஞாயிறு இரண்டு நாளும் ஓட்டிப் பார்த்தும் பத்து லிட்டர் பத்தாகவே நின்றது.

திங்கட்கிழமை நானும் காரில் ஏறினேன். க்வோஸ்டெனின் மனைவி சொன்ன ஒரு விஷயம் என்னை உறுத்தியது. டயாலிசிஸ் முடிந்தால் தலை வலிக்கும், குமட்டும், எல்லோருக்கும் தெரியும். அவருக்கோ மருத்துவமனை வாசலில் இறங்கும்போதே வாந்தி வருகிறதாம்.

பின்சீட்டில் எனக்கும் க்வோஸ்டெனுக்கும் நடுவே இன்னொரு நோயாளி டெசாங்கா அமர்ந்தாள், எழுபத்தொரு வயது. ஜன்னலை ஒரு விரல் இறக்கினேன்.

"ஏத்து, ஏத்து! குறுக்குக் காத்து காதுல ஏறினா நேரா சவப்பெட்டிதான். நீயெல்லாம் நர்ஸா?"

"கொஞ்ச நேரம்தான் டெசாங்கா."

"மெஷின்ல படுத்துச் சாகறேன், காத்துல சாக மாட்டேன். ஜிவாதின் தம்பி, ஹீட்டர இன்னும் திருப்பு!"

அவன் திருப்பினான். நான் கண்ணாடியை ஏற்றினேன். அது என் தப்பு.

நாற்பதாவது கிலோமீட்டரில் என் நெற்றிப்பொட்டு தெறித்தது. என் சிறுநீரகத்துக்கு ஒரு குறையும் இல்லை. டெசாங்கா பேச்சை நிறுத்தியிருந்தாள்; நான் அறிய அது நடந்ததே இல்லை. க்வோஸ்டெனின் தாடை மார்பில் கிடந்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன், கண் திறக்கவில்லை.

"ஜிவாதின், நிறுத்து."

"எத?" என்று கேட்டான்.

கார் ஒரே சீராக ஓடியது. கண்ணாடியில் அவன் முகம் அமைதியாக இருந்தது. நான் முன்னால் எக்கி ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். கார் வழுக்கிப் பனிமேட்டில் முட்டி நின்றது. சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தேன்.

க்வோஸ்டெனை அக்குளில் பிடித்து வெளியே இழுத்து, பனியில் ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். நாலு கதவையும் திறந்து மற்ற இருவரையும் இறக்கிவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். பத்து நிமிடம் கழித்து க்வோஸ்டென் கண் விழித்து, ஜிவாதினின் கால்மேல் வாந்தி எடுத்தார்.

"ரெண்டு மாசமா வாயே திறக்கல மனுஷன், திறந்ததும் இதுதானா?" என்றாள் டெசாங்கா.

எங்கள் நால்வரின் ரத்தத்திலும் புகையின் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடு இருந்தது. ஜிவாதினுக்குத்தான் அதிகம். மற்றவர்கள் மெஷினில் கிடக்கும் நாலு மணி நேரமும் அவன் இன்ஜினை அணைக்காமல், ஹீட்டர் போட்டு, காரிலேயே தூங்குவானாம். மாலைவரை ஆக்சிஜன் கொடுத்தார்கள். இரவு தங்கச் சொன்னதை மறுத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

மறுநாள் காலை, காரை இழுத்து வந்து குழிமேல் நிறுத்தியிருந்த ஷெட்டின் கதவுகளை அகலத் திறந்தோம். அவன் இன்ஜினைக் கிளப்பினான். நான் ஈரச் சாக்கை மடித்துப் பின்புறப் புகைக்குழாயின் வாயை அடைத்தேன். முன்னால் எங்கோ உஸ்ஸென்றது. இன்ஜினை அணைத்துவிட்டு டார்ச் அடித்தான். சென்சாருக்கு ஒரு சாண் முன்னால் குழாயில் விரிசல், சுற்றிலும் கரி.

"புகை விட்டு விட்டு வர்ற இடைவெளில வெளிக்காத்த உள்ள இழுத்திருக்கு" என்றான் மெதுவாக. "சென்சார் அத மோந்துட்டு பெட்ரோல் பத்தலன்னு சொல்லியிருக்கு. இன்ஜின் இன்னும் ஊத்தியிருக்கு. வேகாத புகை இந்த ஓட்டை வழியா ஹீட்டருக்குள்ள போயிருக்கு."

"அப்ப பழைய சென்சார்?"

"பொய் சொல்லல சிஸ்டர்."

இவ்வளவும் சரியாகச் சொன்னான். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனாலும் நோயாளிகளிடம் கேட்பதை அவனிடமும் கேட்டேன்.

"நூறுலேர்ந்து ஏழு ஏழா குறைச்சுச் சொல்லு."

"இதென்ன, பள்ளிக்கூடமா?"

"சொல்லு."

"தொண்ணூத்தி மூணு. எண்பத்தாறு." நின்றான். உதடு அசைந்தது. "எண்பத்தாறு." என்னைப் பார்த்தான். "எண்பத்தாறு சிஸ்டர்."

புதன்கிழமைக்கு இரண்டு பேரையும் ஏற்றிப்போக ஆம்புலன்ஸ் கேட்டுப் போன் செய்தேன். அவன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கோட்டின் பொத்தான்களை நானே மாட்டினேன். அந்த வாயு அவன் மூளையை எவ்வளவு தொட்டிருக்கிறது என்று பார்க்க, ஒன்பது மணி பஸ்ஸில் அவனை நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன்.